பதினொன்றாவது இடம்

34 வருடம் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவனுக்கு ஐ.பி.எல். மாதங்களில் மட்டும் மறுபடி ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. ஏனாத்தூரில் எங்கள் தெருக்காரர்களும் சொந்தக்காரர்களுமாக 8 பேர் சேர்ந்து ஃபேண்டஸி கிரிக்கெட் விளையாடுகிறோம். அதற்கு நான்தான் கணக்கப்பிள்ளை. காசு, பணம் எதுவும் கிடையாது. சீசன் முடிவில் கடைசியாக வருபவர் மற்ற 7 வீட்டுக்கும் காஞ்சிபுரம் இட்லி செய்து அனுப்ப வேண்டும். பந்தயம் அவ்வளவுதான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீசன் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏலம் நடக்கும். ஆளுக்கு 100 புள்ளி கையிருப்பு. அதை வைத்து ஐ.பி.எல். வீரர்களில் 15 பேரை எடுக்க வேண்டும். ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்க முடியாது. வாராவாரம் அந்த 15 பேரிலிருந்து 11 பேரை இறக்க வேண்டும். மைதானத்தில் அவர்கள் செய்வதெல்லாம் நமக்கு மதிப்பெண். ஒரு ரன்னுக்கு 1, ஒரு விக்கெட்டுக்கு 25, கேட்சுக்கு 8, ஸ்டம்பிங்குக்கு 12. எல்லாம் நாங்களே வைத்துக்கொண்ட கணக்கு.

ஆரம்பத்தில் இருந்த விதி: 5 பேட்ஸ்மேன், 1 கீப்பர், 1 ஆல்ரவுண்டர், 4 பவுலர். போன சீசனில் ஒரு பேட்ஸ்மேன் இடத்தை எடுத்துவிட்டு அதைப் ‘பொது இடம்’ ஆக்கினோம். பதினொன்றாவது ஆளாக யாரை வேண்டுமானாலும் இறக்கலாம். எல்லோரும் கை தூக்கி ஒப்புக்கொண்ட மாற்றம்தான்.

தகராறு நான்காவது வாரத்தில் வந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன், ஏலத்தில் முதல் வேலையாக 3 நல்ல ஆல்ரவுண்டர்களைப் பிடித்து வைத்திருந்தான். கையிருப்பில் பெரும்பகுதி அதற்கே போய்விட்டது. பவுலர்களைக் கடைசியில் ஒன்றிரண்டு புள்ளிக்குப் பொறுக்கிக்கொண்டான். “பையன் காசை ஒரே இடத்தில் கொட்டிட்டான்” என்று என் மச்சினர் சிரித்தார். நான்காவது வாரம் அவன் முதலிடத்தில் இருந்தான். உடனே வாட்ஸ்அப் குழுவில், “இந்தப் பொது இடம் சரியாக வரவில்லை, அடுத்த வாரத்திலிருந்து பழையபடி 5 பேட்ஸ்மேன் வைத்துக்கொள்வோம்” என்று ஒரு பேச்சு கிளம்பியது. தீர்ப்பு சொல்ல வேண்டியவன் கணக்கப்பிள்ளை.

பையன் செய்தது குருட்டு அதிர்ஷ்டமா, கணக்கா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று நோட்டை எடுத்தேன்.

புரிவதற்காக வசதியான எண்களை வைத்துக்கொள்கிறேன். முதல் தர ஆல்ரவுண்டர் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 55 மதிப்பெண் தருகிறார், முதல் தர பேட்ஸ்மேன் 45 தருகிறார் என்று கொள்வோம். பழைய விதியில் 8 பேருக்கும் சேர்த்து வேண்டியது 8 ஆல்ரவுண்டர்கள். ஒன்பதாவது ஆல்ரவுண்டர் யாருக்கும் தேவையில்லாமல் மீந்து நிற்பார். அவர் 38 தருவார் என்றால், முதல்வரைக் கூடுதல் விலை கொடுத்து எடுத்ததில் எனக்குக் கிடைக்கும் லாபம் 55 அல்ல. 55-இல் 38 போக மீதி 17தான். ஏனென்றால் அந்த 38 எனக்குச் சும்மாவே கிடைத்திருக்கும். பேட்ஸ்மேன்கள் 40 பேர் வேண்டும். 41-ஆவது பேட்ஸ்மேன் 25 தருவார் என்றால், முதல் பேட்ஸ்மேனால் வரும் லாபம் 20. ஆகவே பழைய விதியில் 45 தரும் பேட்ஸ்மேனுக்குத்தான் 55 தரும் ஆல்ரவுண்டரைவிட அதிக விலை கொடுக்கலாம்.

இப்போது பொது இடம் வருகிறது. எல்லோரும் அந்த இடத்தில் இன்னொரு ஆல்ரவுண்டரையே வைக்கப் பார்ப்பார்கள். வேண்டியது 16. பதினேழாவது ஆல்ரவுண்டர் 29 தருவார் என்று கொள்ளுங்கள். முதல்வரின் லாபம் 55-இல் 29 போக 26. பேட்ஸ்மேன்கள் 32 பேர் போதும். 33-ஆவது ஆள் 27 தருவார். முதல் பேட்ஸ்மேனின் லாபம் 18 ஆகக் குறைகிறது. ஆல்ரவுண்டர் ஒரு ரன்கூட அதிகம் எடுக்கவில்லை, ஒரு விக்கெட்கூட அதிகம் வீழ்த்தவில்லை. 17-ஆக இருந்த அவர் மதிப்பு 26 ஆகிவிட்டது.

பையனைக் கூப்பிட்டு இந்தக் கணக்கைக் காட்டினேன். “ஆமாம் தாத்தா, மாமா அமெரிக்காவில் ஆடுவதும் இதே மாதிரிதான். அவர்கிட்டே கேட்டுத்தான் செய்தேன்” என்றான்.

அவன் மாமா, அதாவது என் மகன், நியூ ஜெர்சியில் இருக்கிறான். அலுவலக நண்பர்களோடு அமெரிக்க ஃபுட்பால் ஃபேண்டஸி ஆடுகிறான். அந்த வாரம் போனில் பேசும்போது விளக்கச் சொன்னேன். அந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யார் கையில் கொடுத்து ஓடவிடுவது, தானே ஓடுவதா என்பதெல்லாம் அவர் பாடு. ஃபேண்டஸி மதிப்பெண்ணிலும் பொதுவாக அவர்தான் மேலே இருப்பார். வழக்கமான கணக்கில் 25 கஜம் பந்து எறிந்தால் 1, எறிந்த பந்து டச்டவுன் ஆனால் 4. ஒரு நாளில் 250 கஜம் எறிந்து 2 டச்டவுன் வந்தால் 18. பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவருக்கு 10 கஜத்துக்கு 1, டச்டவுனுக்கு 6. அவர் 80 கஜம் ஓடி ஒரு டச்டவுன் போட்டால் 14.

அப்படியானால் ஏலத்தில் முதல் ஆளாக குவார்ட்டர்பேக் போக வேண்டுமே? போவதில்லையாம். தேசிய லீகில் 32 அணிகள். ஆகவே வேலையில் இருக்கும் குவார்ட்டர்பேக் 32 பேர். ஃபேண்டஸியில் 12 பேர் ஆடுகிறார்கள், ஆளுக்கு ஒரு குவார்ட்டர்பேக் இடம் என்றால் வேண்டியது 12 பேர். மீதி 20 பேர் சும்மா நிற்பார்கள். பதின்மூன்றாவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் பெரிய தூரம் இருக்காது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஓடுகிறவர்களையும் பிடிக்கிறவர்களையும் முதலில் எடுத்துவிட்டு குவார்ட்டர்பேக்கைச் சாவகாசமாக எடுப்பார்கள்.

சில குழுக்களில் ‘சூப்பர்ஃப்ளெக்ஸ்’ என்று ஒரு இடம் வைக்கிறார்கள். எங்கள் பொது இடமேதான். அதில் குவார்ட்டர்பேக்கையும் இறக்கலாம். இறக்கலாம் என்பதுதான் விதி, ஆனால் மதிப்பெண் அதிகம் என்பதால் எல்லோரும் இறக்கியே தீருவார்கள். வேண்டியது 24 ஆகிறது. இதற்கு மேல் ஒரு சங்கதி உண்டு. 18 வாரப் பருவத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு வாரம் ஆட்டம் கிடையாது. அந்த வாரத்துக்காகவும் அடிபட்டால் மாற்றுக்காகவும் மூன்றாவது குவார்ட்டர்பேக் ஒருவரைக் கையில் வைத்துக்கொள்ள எல்லோரும் நினைப்பார்கள். 12 பேருக்கு மும்மூன்று என்றால் 36. உலகத்தில் இருப்பதே 32.

“அதனாலதான்ப்பா சூப்பர்ஃப்ளெக்ஸ்ல முதல் சுற்றிலேயே அடிதடி” என்றான் மகன். ஜோஷ் ஆலன், லமார் ஜாக்சன், ஜேலன் ஹர்ட்ஸ் போன்றவர்களுக்குக் கிராக்கி இன்னும் அதிகம். எறிவதோடு தாங்களே ஓடவும் செய்வதால் 4-க்குப் பதில் 6 கிடைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு. சாதாரணக் குழுவில் யாரும் திரும்பிப் பார்க்காத சுமாரான குவார்ட்டர்பேக்கூட இங்கே விலை போவார். வாரம் தவறாமல் ஆடுகிறார் என்பதே அவருடைய தகுதி.

இந்த விளையாட்டின் பூர்வீகத்தையும் அவனே சொன்னான். 1962-இல் ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் அணியில் பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக் என்பவரும் நண்பர்களும் யோசித்து உருவாக்கியது. 1963-இல் நடந்த முதல் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜார்ஜ் பிளாண்டா. அவர் குவார்ட்டர்பேக், பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் கிக்கரும் அவரே. நம் பாஷையில் ஆல்ரவுண்டர். பேரன் செய்த காரியத்துக்கு 60 வருஷத்து முன்னுதாரணம் கிடைத்துவிட்டது.

நம் ஐ.பி.எல்-லிலேயே இதற்குத் தலைகீழான பாடம் ஒன்று இருக்கிறது. 2023-இல் ‘இம்பேக்ட் பிளேயர்’ விதி வந்தது. 11 பேரோடு 5 மாற்று வீரர்கள் பெயரையும் கொடுத்துவிட்டு, அதில் ஒருவரை ஆட்டத்தின் நடுவே உள்ளே கொண்டுவரலாம். 2023 மார்ச் 31 அன்று அகமதாபாத்தில் முதல் ஆட்டத்திலேயே சென்னை அணி அம்பத்தி ராயுடுவை வெளியே எடுத்து துஷார் தேஷ்பாண்டேவை உள்ளே கொண்டுவந்தது. பேட்டிங் முடிந்ததும் பேட்ஸ்மேன் போய் பவுலர் வருகிறார். இதுவும் ஒரு நெகிழ்வான இடம்தான். ஆனால் இங்கே ஆல்ரவுண்டரின் தேவை குறைகிறது. ஒரே ஆள் பாதி பேட்டிங், பாதி பவுலிங் செய்ய வேண்டிய இடத்தில், முழு பேட்ஸ்மேன் ஒருவரையும் முழு பவுலர் ஒருவரையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாமே.

2024-இல் ரோஹித் சர்மா இதை வெளிப்படையாகவே சொன்னார். இந்த விதி தனக்குப் பிடிக்கவில்லை, ஆல்ரவுண்டர்கள் வளர இது தடை, சிவம் துபே, வாஷிங்டன் சுந்தர் போன்றவர்களுக்குப் பந்து வீச வாய்ப்பே வருவதில்லை என்பது அவர் வாதம். நம் வாஷிங்டன் பெயர் வந்ததால் எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

சாம் கரன் விலையையும் பாருங்கள். 2022 டிசம்பரில் கொச்சி ஏலத்தில் பஞ்சாப் அவரை 18.5 கோடிக்கு எடுத்தது. அதுவரை ஐ.பி.எல். ஏலத்தில் அதுவே உச்ச விலை. 2024 நவம்பரில் ஜெட்டா ஏலத்தில் சென்னை அவரை வாங்கியது 2.4 கோடிக்கு. அதே ஏலத்தில் ரிஷப் பந்த்துக்கு லக்னோ 27 கோடி கொடுத்தது. கரன் விலை இறங்கியதற்கு அவருடைய ஆட்டம், மற்ற அணிகளின் கையிருப்பு என்று வேறு காரணங்களும் இருக்கும். எல்லாவற்றையும் விதியின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் இரண்டு வேலை தெரிந்த ஆளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அணிகள் யோசிக்கும்போது, இரண்டு ஆட்களை வைத்து அதே வேலையை முடிக்க விதி இடம் கொடுக்கிறதா என்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஆக, நெகிழ்வான இடம் வந்தால் பல வேலை தெரிந்தவனுக்கு மவுசு கூடும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எங்கள் கூடத்தில் கூடியது, ஐ.பி.எல். மைதானத்தில் குறைந்தது. அவன் இல்லாவிட்டால் அந்த இடத்தில் அடுத்தபடியாக யார் வருவார், அவரால் எவ்வளவு குறையும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதை எழுதும்போது என் அம்மா நினைவு வருகிறது. நான் பிறந்து வளர்ந்தது பிள்ளையார்பாளையத்தில். அப்பா குழித்தறியில் கோர்வைச் சேலை நெய்தார். கோர்வை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டின் ஊடையையும் ஓட்டத்துக்கு ஓட்டம் பின்னிக் கோக்க வேண்டும். 3 நாடா ஓடும். நெய்பவர் ஒருவரால் ஆகாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. சமையலுக்கு நடுவே, துணி துவைப்பதற்கு நடுவே, “வா” என்று அப்பா குரல் கொடுத்தால் வந்து உட்கார்ந்துவிடுவார். கூலி சேலைக்கு இவ்வளவு என்று கணக்கு. அது அப்பா பெயரில் வரும். கூலிப் புத்தகத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். அம்மாவுக்குத் தனிக் கூலி என்று யாரும் பேசியதில்லை. அந்தக் காலத்தில் தெருவில் எந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாலும் பக்கத்தில் வந்து உட்காரும் என்பதால், அது ஒரு வேலையாகவே யாருக்கும் தெரியவில்லை.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது அம்மாவுக்கு டைபாய்டு வந்து இரண்டு மாதத்துக்கு மேல் படுத்துவிட்டார். கூலிக்கு ஆள் வைக்க வழியில்லை. அப்பா கோர்வையை நிறுத்திவிட்டு, தனியாகவே நெய்யக்கூடிய சாதாரணக் கரைச் சேலைகளை வாங்கி நெய்தார். கூலி குறைந்தது. மளிகைக் கடை நோட்டில் பாக்கி ஏறியது. அப்பாவின் கைத்திறமை அப்படியேதான் இருந்தது. குறைந்த அந்தத் தொகை முழுவதும் அம்மாவுடையது. அத்தனை வருடமும் புத்தகத்தில் ஏறாத அவர் கூலி எவ்வளவு என்பதை வீட்டில் நாங்கள் பார்த்தது அந்த இரண்டு மாதத்தில்தான்.

இப்போது காஞ்சிபுரத்தில் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்குப் போகிறார்கள். அது நல்ல மாற்றம், அதற்காகப் பாடுபட்டவர்களுக்குப் புண்ணியம். பெரியவர்களை ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பேருந்துகள் விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போகின்றன. கோர்வை நெய்பவர்கள் கூடவே கைகொடுக்க ஆள் தேடி அலைகிறார்கள். கரை நாடா தள்ளும் வேலை அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசு கட்டி ஆடும் செயலிகளில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஒரே வீரரை லட்சம் பேரும் எடுக்கலாம். ஆகவே ‘மீந்து நிற்பவர்’ என்று யாரும் கிடையாது. நல்ல வீரரைச் சரியாகக் கணித்தாலும் கூடவே லட்சம் பேர் கணித்திருப்பார்கள். பெரிய பரிசு வேண்டுமென்றால் மற்றவர்கள் எடுக்காத ஆளை எடுத்து அவர் அன்றைக்குப் பார்த்து ஆட வேண்டும். கட்டணத்தில் கம்பெனிக்கு ஒரு பங்கு முதலிலேயே போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டுப் பையன் பட்டு நூலுக்கு வைத்திருந்த முன்பணத்தை அப்படி ஒரு செயலியில் விட்டான். அந்த வீட்டுத் தறி கொஞ்ச நாள் சும்மா கிடந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைச் சட்டம் போட்டுத் தடை செய்தபோது, ட்ரீம் லெவன் உட்படப் பலரும் கட்டணப் போட்டிகளை நிறுத்தினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. எங்களுடைய இட்லிப் பந்தயத்துக்கு எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை.

தகராறு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குழுவில் என் தீர்ப்பை இப்படி எழுதினேன்: “பொது இடம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. அந்த விதியை நம்பித்தான் ஏலத்தில் எல்லோரும் விலை கேட்டோம். இப்போது மாற்றினால், 26 என்று கணக்குப் போட்டு வாங்கியவன் கையில் 17 இருக்கும். பையன் தவறாக எதுவும் செய்யவில்லை. விதியைப் படித்துவிட்டு வந்திருக்கிறான். மாற்றுவதென்றால் அடுத்த ஏலத்துக்கு ஒரு மாதம் முன்பு கூடிப் பேசி மாற்றுவோம்.”

என் தம்பி உடனே ஒப்புக்கொண்டான். மச்சினர் இரண்டு நாள் பேசவில்லை. “பேரனுக்காகத் தீர்ப்பை வளைச்சிட்டீங்க” என்றார். நோட்டைக் கொண்டுபோய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்கை வரி வரியாகக் காட்டினேன். கடைசியில், “அடுத்த வருஷம் நானும் முதல்லயே ஆல்ரவுண்டரைப் பிடிக்கிறேன், பாருங்க” என்றார். 8 பேரும் அதையே செய்தால் விலை ஏறி, பேட்ஸ்மேன்தான் மலிவாகக் கிடைப்பார் என்பதை அவரிடம் சொல்லவில்லை. பேரனிடமும் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளைக்கும் ஒரு அணி இருக்கிறது அல்லவா?

பையன் கடைசியில் இரண்டாவதாக வந்தான். மலிவாக எடுத்த பவுலர்களில் இருவர் பாதி சீசன் வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். இட்லி வந்தது மச்சினர் வீட்டிலிருந்து. மிளகும் சுக்கும் சரியாக விழுந்து, மந்தார இலை வாசனையோடு நன்றாகவே இருந்தது.